உழைப்பவருக்கு நாளை மீது நம்பிக்கை இருக்கிறதா?

பொருளாதார முறைகளைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் சந்தையா, திட்டமிடலா என்ற கேள்வியோடு நின்றுவிடுகின்றன. இன்று உழைப்பவரும் முதல் போடுபவரும் நாளை அதன் பலன் தம் கைக்கு வந்து சேரும் என்று நம்புவதற்கு அந்நாட்டில் என்ன ஏற்பாடு இருக்கிறது என்பதையே நான் முதலில் கேட்பேன். சட்டம், நீதிமன்றம், நிலப்பதிவு, ஊர்க்கட்டுப்பாடு என்று எந்த வடிவில் இருந்தாலும், வளர்ச்சியின் போக்கைத் தீர்மானிப்பது அந்த ஏற்பாடுதான்.

சோவியத் ஒன்றியத்தின் தொழிற்சாலை மேலாளரை எடுத்துக்கொள்வோம். இந்த ஆண்டு இலக்கைத் தாண்டி உற்பத்தி செய்துவிட்டால், அடுத்த ஆண்டின் இலக்கு அந்த உயர்ந்த அளவிலிருந்தே கணக்கிடப்படும். ஆகவே ஆலையின் உண்மையான திறனை மறைப்பதும், மூலப்பொருளைத் தேவைக்கு மேல் கேட்டுப் பதுக்குவதும் அவருக்குப் புத்திசாலித்தனமாயின. நட்டம் வந்தாலும் அரசு ஈடுகட்டும்; ஹங்கேரியப் பொருளியலாளர் யானோஷ் கோர்னாய் இதை விரிவாக ஆராய்ந்தார். மேலாளர் சோம்பேறியாகவோ நேர்மையற்றவராகவோ இருக்க வேண்டியதில்லை. விதிகளே அவரை அப்படி நடக்க வைத்தன.

இதற்கு நேரெதிரான நிகழ்வு ஒன்று, அதே பொதுவுடைமை ஆட்சியின் கீழ், சீனாவின் அன்ஹுய் மாகாணத்தில் நடந்தது. 1978ஆம் ஆண்டின் இறுதியில் சியாவ்காங் என்ற வறிய கிராமத்தில் 18 விவசாயிகள் ரகசியமாகக் கூடி, கூட்டுப்பண்ணை நிலத்தைக் குடும்பவாரியாகப் பிரித்துக்கொள்வதென ஒப்பந்தம் எழுதினார்கள். அரசுக்கும் கூட்டுப்பண்ணைக்கும் சேர வேண்டியதைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைக் குடும்பமே வைத்துக்கொள்ளும். இதற்காகத் தலைவர்கள் சிறைக்குப் போக நேர்ந்தால், அவர்களுடைய பிள்ளைகளை 18 வயதுவரை மற்றவர்கள் வளர்ப்பார்கள். அரசின் பாதுகாப்பு சிறிதும் இல்லாத இடத்தில், அண்டை வீட்டாரின் வாக்குறுதியை மட்டுமே பிணையாக வைத்து அவர்கள் ஒரு சொத்துரிமையை உருவாக்கியதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. மறு ஆண்டு விளைச்சல் பல மடங்கு பெருகியது. நிலம் கூட்டு உடைமையாகவே நீடித்தது. மாறியது, விளைச்சலின் மிச்சம் யாருக்கு என்ற ஒரே விதி. மேலிடம் அதைத் தண்டிக்காமல் விட்டதோடு, சில ஆண்டுகளில் நாடெங்கும் பரவவும் இடம் கொடுத்தது.

ரஷ்யாவோ 1992இல் விலைக் கட்டுப்பாடுகளைப் பெருமளவு ஒரே வீச்சில் நீக்கி, பொதுத்துறை ஆலைகளைத் தனியாருக்கு மாற்றத் தொடங்கியது. சந்தை வந்தது, ஆனால் ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரும் வலிமையான நீதிமன்றமும், சிறு பங்குதாரரைக் காக்கும் சட்டமும் கூடவே வரவில்லை. 1995இல் அரசுக்குக் கடன் கொடுத்த வங்கிகளிடம் எண்ணெய், உலோக நிறுவனங்களின் பங்குகள் அடமானமாகப் போயின. அரசு கடனைத் திருப்பாததால் அவை மலிவாகச் சிலர் கைக்குச் சென்றன. தனியார் உடைமை என்ற பெயர்ப்பலகை மட்டும் முதலீட்டைக் கொண்டுவந்துவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆப்பிரிக்க நாடான போட்ஸ்வானா 1966இல் விடுதலை பெற்றது. மறு ஆண்டே ஓராபாவில் வைரம் கண்டுபிடிக்கப்பட்டது. அது அதிபர் செரெட்சே காமாவின் சொந்தக் குலமான பாங்வாட்டோ மக்களின் நிலப்பகுதி. அப்படியிருந்தும், கனிம உரிமை குலங்களுக்கு உரியதாக இல்லாமல் நாட்டுக்கு உரியதாக இருக்கும்படி அவருடைய அரசு சட்டம் இயற்றியது. வைரச் செல்வம் பல நாடுகளில் உள்நாட்டுப் போருக்குத் தீனியானபோது, இங்கே அது சாலைகளுக்கும் பள்ளிகளுக்கும் பயன்பட்டது.

ஒரு காலத்தில் வழிதிறந்த விதி பின்னாளில் தடையாகவும் கூடும். சீன விவசாயி நிலத்தைப் பயிரிடும் உரிமையைப் பெற்றாரே தவிர, இன்றும் அதை விற்று முதலாக்க முடியாது. ஒருவருக்குக் கிடைக்கும் அரசு வசதிகளை அவர் பதிவான ஊரோடு பிணைக்கும், 1958இல் சட்டமான குடும்பப் பதிவு முறையால், பெருநகரத்தில் ஆண்டுக்கணக்கில் உழைத்தவரின் பிள்ளைகளுக்குக்கூட அங்குள்ள அரசுப் பள்ளியில் இடம் கிடைப்பது கடினமாக இருக்கிறது. சியாவ்காங் விவசாயிகள் மாற்றியதைவிட இந்த விதிகளை மாற்றுவது கடினம் என்றே நினைக்கிறேன்; ஏனெனில் நிலத்தை எடுத்து மனைகளாக்கி வருவாய் பார்க்கும் உள்ளாட்சிகளும், புதிதாக வருவோருக்குச் செலவிடத் தயங்கும் நகரங்களும் இப்போதைய நிலையால் பயனடைகின்றன.