கம்பீர் சிரிச்சா செய்தி

இந்தியா ஆடும் கிரிக்கெட் மேட்ச்சில், கோச் கம்பீர் உட்கார்ந்திருக்கும் டக்அவுட் பக்கம் கேமரா திரும்பினால் போதும், செல்லூர் டீக்கடையில் ஒரு குரல் வந்துவிடும். "என்னண்ணே இந்தாளு, ஜெயிச்சாலும் வட்டிக்குக் குடுத்தவன் மாதிரியே உக்காந்திருக்காரு?" மாஸ்டர் டீ ஆற்றுவதை நிறுத்தாமலே, "2011 வேர்ல்ட் கப் ஃபைனல்ல 97 அடிச்சப்பவும் அப்படித்தான்டா இருந்தாப்ல" என்பார். உண்மைதான். வான்கடேயில் அன்று கம்பீரின் சட்டையில் அப்பியிருந்த மண் இன்னும் கண்ணில் நிற்கிறது.

முகத்தை வைத்தே கோச்சை எடை போடுவதில் நம்மாட்கள் கில்லாடிகள். டிராவிட் கோச்சாக இருந்தவரை, "ரொம்ப சாதுப்பா, பசங்க பயப்பட மாட்டானுங்க" என்றார்கள். 2024 ஜூன் 29, பார்படாஸில் கோலி டி20 உலகக் கோப்பையைக் கையில் கொடுத்ததும் அந்தச் சாது போட்ட கத்தல் இருக்கிறதே! சாது என்று சொன்ன அதே ஆட்கள்தான் அந்த வீடியோவை குரூப் குரூப்பாக அனுப்பினார்கள்.

ரோஹித் கேப்டனாக இருந்தபோது ஸ்டம்ப் மைக்கில் ஃபீல்டர்களை இந்தியில் திட்டுவார். இங்கே ஒருத்தருக்கும் இந்தி தெரியாது, ஆனால் கடையே சிரிக்கும். எனக்கென்னவோ பிடித்தது பவுலர் பும்ராவைத்தான். விக்கெட் எடுத்துவிட்டு ஒரு சின்னச் சிரிப்பு, அவ்வளவுதான். அவுட்டானவனுக்கு அதுதான் கூட எரியும்.

அதையும் முழுசாகப் பார்க்க விடுகிறார்களா? விக்கெட் விழுந்த மறுநொடி பான் மசாலா விளம்பரம்.