மகளின் கால் வளைவும் பாஸ்பரஸ் கணக்கும்

வைட்டமின் டி கொடுத்துக் கொடுத்துப் பார்த்தும் குழந்தையின் கால் நேராகவில்லை, அடுத்து யாரிடம் போவது என்று தெரியாமல் நிற்கும் அம்மா அப்பாக்களுக்காக இதை எழுதுகிறேன். என் மகளுக்கு இருப்பது எக்ஸ்.எல்.எச். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பரம்பரை ரிக்கெட்ஸ், அதாவது வளரும் எலும்பு உறுதிப்படாமல் வளைந்துபோகும் நோய். ஏறக்குறைய 20,000 குழந்தைகளில் ஒருவருக்கு வரும் நோய். அதன் பெயர் எங்கள் காதில் விழவே ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

நடக்கத் தொடங்கும் வயதில் எல்லாக் குழந்தைக்கும் கால் கொஞ்சம் வெளிப்பக்கம் வளைந்துதான் இருக்கும். இரண்டு வயது வாக்கில் அது தானாக நேராகிவிடும். எங்கள் பாப்பாவுக்கு அந்த வயதில் வளைவு கூடிக்கொண்டே போனது. கணுக்கால் இரண்டையும் சேர்த்து நிற்க வைத்தால் முழங்கால்களுக்கு நடுவே என் நாலு விரலும் தாராளமாக நுழையும். மணிக்கட்டு தடித்திருந்தது. இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து நடந்தாள். நடைவண்டி கொடுத்ததுதான் காரணம் என்றார்கள் அக்கம்பக்கத்தில். என் மாமியார் காலையும் மாலையும் எண்ணெய் தேய்த்துக் காலை நீவி விட்டார். நடைவண்டிக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டே நிறைய அம்மாக்கள் நொந்து போகிறார்கள்.

உள்ளூரில் எக்ஸ்ரே எடுத்து, ரிக்கெட்ஸ் என்று சொன்னது சரிதான். 60,000 யூனிட் வைட்டமின் டி பவுடரும் கால்சியம் சிரப்பும் கொடுத்தார்கள். சத்துக் குறைவால் வரும் ரிக்கெட்ஸாக இருந்தால் சில வாரங்களிலேயே எக்ஸ்ரேயில் எலும்பு முனை தேறி வருவது தெரியும். மூன்று மாதம் ஆகியும் தெரியாவிட்டால் காரணம் வேறு என்று தேட வேண்டும். எங்களுக்கோ ஒவ்வொரு முறையும் "இன்னொரு கோர்ஸ் குடுத்துப் பாக்கலாம்" என்ற பதில்தான் கிடைத்தது. இப்படிக் கணக்கில்லாமல் வைட்டமின் டி கொடுத்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறும், சிறுநீரகத்தில் படியும். அதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன், தெரிந்ததும் உடம்பு நடுங்கிவிட்டது.

இதில் முக்கியமான இடம் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். கால்சியத்தைப் போலவே எலும்பு உறுதிக்குத் தேவையான பாஸ்பரஸ் 2.7 என்று வந்திருந்தது. பக்கத்தில் லேப் அச்சடித்திருந்த நார்மல் அளவு 2.5 முதல் 4.5 வரை. அதனால் அந்த எண் தடித்த எழுத்தில் வரவில்லை, பார்த்தவர்களும் தாண்டிப் போய்விட்டார்கள். ஆனால் அது பெரியவர்களுக்கான அளவு! இரண்டு வயதுக் குழந்தைக்குப் பாஸ்பரஸ் சுமார் 4-லிருந்து 6.5 வரை இருக்க வேண்டும். அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்கிற, ரிக்கெட்ஸ் இருந்தால் கூடும் இன்னொரு பரிசோதனையிலும் இதே சிக்கல். வளரும் குழந்தைக்கு அது இயல்பாகவே பெரியவர்களைவிட அதிகம். என் மகளுக்கு 860. குழந்தைக் கணக்கிலும் அது மிக அதிகம்தான். உங்கள் குழந்தையின் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கும்போது "இந்த நார்மல் அளவு என் குழந்தை வயசுக்கானதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பதற்குத் தயங்கவே வேண்டாம்.

கடைசியில் குழந்தைகள் டாக்டர் ஒருவர், ஹார்மோன் நிபுணரிடம் காட்டச் சொல்லி எழுதிக் கொடுத்தார். ஈரோட்டில் ரயில் ஏறிக் காட்பாடியில் இறங்கி வேலூர் போனோம். அங்கே இருந்த டாக்டர் மேடம் ஃபைலைத் திறக்கும் முன்பே என்னைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் நடந்து காட்டுங்கம்மா" என்றார். எனக்குப் புரியவில்லை. நடந்தேன். "உங்க வீட்ல வேற யாருக்கு இந்த மாதிரி கால் இருக்கு?" என்றார்.

நான் நாலடி எட்டங்குலம். என் காலும் லேசாக வளைவுதான். சொத்தை எதுவும் இல்லாமலே பல்லில் சீழ் கட்டி இரண்டு பல்லை எடுத்திருக்கிறேன். அக்காவும் அப்படியே. அப்பாவுக்குக் கால் நன்றாகவே வளைந்திருக்கும். தம்பி மட்டும் நெடுநெடுவென்று வளர்ந்தவன். எங்கள் குடும்ப வாகு அப்படி என்றுதான் இத்தனை காலமும் ஊரே பேசியது. மேடம் ஒரு தாளில் வட்டமும் சதுரமும் போட்டு வம்சத்தை வரைந்தார். இந்தக் கோளாறு எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் பெக்ஸ் என்கிற மரபணுவில் வருகிறது. அந்த மரபணுவை 1995-ல்தான் அடையாளம் கண்டார்களாம். அப்பாவிடம் இருக்கும் ஒரே எக்ஸ் மகள்களுக்குத்தான் போகும், அதனால் எனக்கும் அக்காவுக்கும் கட்டாயம் வந்தது, தம்பிக்கு வர வழியே இல்லை. எங்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும், ஆணோ பெண்ணோ, பாதிக்குப் பாதி வாய்ப்பு. என் அழுகை அந்தத் தாளைப் பார்த்ததும்தான் நின்றது. நான் சரியாகச் சோறு ஊட்டவில்லை, வெயிலில் விடவில்லை என்று கேட்ட பேச்செல்லாம் அங்கேயே விழுந்துபோனது.

அன்றைக்கே அக்காவுக்குப் போன் போட்டேன். அவளுடைய பெரியவனுக்கு இல்லை. கைக்குழந்தைக்குப் பார்த்ததில் இருந்தது. எழுந்து நிற்கும் முன்பே அவனுக்கு மருந்து தொடங்கிவிட்டார்கள். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவுக்குக் காலும் உயரமும் தேறும் என்பதால், எங்கள் அலைச்சலில் கிடைத்த பெரிய லாபம் அவன்தான்.

உறுதி செய்ய என்னென்ன பார்த்தார்கள் என்றால், காலையில் வெறும் வயிற்றில் ரத்தமும் சிறுநீரும் ஒரே நேரத்தில் எடுத்து, இரண்டிலும் பாஸ்பரஸும், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினினும் அளந்தார்கள். அதிலிருந்து சிறுநீரகம் எவ்வளவு பாஸ்பரஸை வீணாக வெளியே விடுகிறது என்று கணக்குப் போட முடியும். கூடவே வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன், சிறுநீரக ஸ்கேன், மணிக்கட்டு, முழங்கால் எக்ஸ்ரே. மரபணுச் சோதனைக்கும் ரத்தம் கொடுத்தோம். அந்த ரிப்போர்ட் வரப் பல வாரம் பிடித்தது, ஆனால் மருந்தை அதற்காகத் தள்ளிப் போடவில்லை.

எலும்பிலிருந்து எஃப்.ஜி.எஃப். 23 என்று ஒரு ஹார்மோன் சுரக்கிறது. இந்த நோயில் அது அளவுக்கு மீறிச் சுரந்து, பாஸ்பரஸைச் சிறுநீரில் போகச் செய்கிறது. வைட்டமின் டி உடம்பில் வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுவதையும் தடுக்கிறது. பவுடர் பாக்கெட் எத்தனை கொடுத்தாலும் ஏன் பலிக்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. அதனால் பாஸ்பேட்டை வாய்வழியாகவும், ஏற்கெனவே மாறிய வடிவமான கால்சிட்ரையாலைத் தனியாகவும் கொடுக்க வேண்டும்.

பாஸ்பேட் மருந்துக்கு ஜூலி சொல்யூஷன் என்று பெயர். எல்லா மெடிக்கலிலும் கிடைக்காது, மருத்துவமனை ஃபார்மசியில் தயாரித்துத் தந்தார்கள். ஒரு மில்லியில் 30.4 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருக்கும். அப்போது 11 கிலோ இருந்த பாப்பாவுக்கு ஒரு நாளைக்கு 15 மில்லி, அதை ஐந்து வேளையாகப் பிரித்து 3 மில்லி. (இது அவளுக்கான கணக்கு, உங்கள் குழந்தைக்கு டாக்டர்தான் சொல்ல வேண்டும்.) ஒரு வேளை கொடுத்தால் சில மணி நேரத்தில் ரத்தத்தில் ஏறி இறங்கிவிடும், அதனால்தான் இத்தனை வேளை. ஒரேயடியாகக் கொடுத்தால் வயிற்று வலியும் பேதியும் வரும். எங்களுக்கும் முதல் வாரம் வந்தது, அளவைக் குறைத்து மெல்ல ஏற்றினோம். பாலோடு மட்டும் கொடுக்காதீர்கள். பாலில் உள்ள கால்சியம் பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேராது. நான் தண்ணீரில் கலந்து கொடுக்கிறேன். போனில் அலாரம் வைத்திருக்கிறேன். மத்தியான வேளைக்கு அங்கன்வாடி டீச்சர் பொறுப்பெடுத்துக்கொண்டார், அவருக்கு என் நன்றி.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம், சிறுநீர் பார்க்கிறோம். முதல் முறை பாஸ்பரஸ் பெரிதாக ஏறவில்லை என்று பார்த்து மனசு உடைந்தது. பாஸ்பரஸை நார்மலுக்குக் கொண்டுவருவது நோக்கமே இல்லை என்றார் மேடம். அதைத் துரத்தி மருந்தை ஏற்றிக்கொண்டே போனால் பாராதைராய்டு சுரப்பி வீங்கும், கால்சிட்ரையால் கூடினால் சிறுநீரகத்தில் கால்சியம் படியும். பார்க்க வேண்டியது அல்கலைன் பாஸ்பட்டேஸ் இறங்குகிறதா, கால் நேராகிறதா, உயரம் கூடுகிறதா என்பதைத்தான். 860 இப்போது 410. முழங்கால் இடைவெளி நன்றாகக் குறைந்திருக்கிறது. சாய்ந்து நடப்பது ஏறக்குறைய நின்றுவிட்டது. மிச்சமிருக்கும் வளைவு போகாவிட்டால், வளரும் வயதுக்குள் முழங்காலில் சின்னத் தகடு வைத்து வளர்ச்சியைத் திருப்பும் அறுவை சிகிச்சை உண்டு. இப்போதைக்குத் தேவையில்லை என்றிருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் டாக்டரையும் பார்க்கிறோம்.

புரோசுமாப் என்று ஓர் ஊசி இருக்கிறது. 2018-ல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி கிடைத்தது. எஃப்.ஜி.எஃப். 23 ஹார்மோனையே தடுக்கும், குழந்தைகளுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடுவது. அதன் விலை எங்களைப் போன்றவர்களால் நினைத்துப் பார்க்க முடியாதது. இந்த மருந்து நம் பிள்ளைகளுக்கும் எட்ட வேண்டும் என்ற ஆசை எனக்கு நிறையவே இருக்கிறது.

எனக்குக் குதிகாலிலும் இடுப்பிலும் இருந்த வலிக்கும் இதுதான் காரணமாம். பெரியவர்களுக்கும், வலியோ எலும்பில் விரிசலோ இருந்தால் மருந்து உண்டு என்பதால் நானும் பரிசோதனை செய்துகொண்டிருக்கிறேன். பாப்பாவின் அப்புச்சிக்கு, அதாவது என் அப்பாவுக்கு, இப்போது குனிந்து செருப்பு மாட்டவே முடிவதில்லை. வயசாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தவரை அடுத்த ரிவ்யூவுக்கு எங்களோடு வேலூர் வரச் சம்மதிக்க வைத்திருக்கிறோம், அவருக்கும் சேர்த்தே டிக்கெட் போட்டாயிற்று.