தரங்கம்பாடியில் ஒரு பிடி அரிசி

நான் போதகராகப் பொறுப்பேற்கும் குருப்பட்டத்துக்கு இன்னும் பதினோரு நாள்தான் இருந்தது. "ஒரு தடவை தரங்கம்பாடி போயிட்டு வந்துடலாம் தம்பி" என்றார் அப்பா. மயிலாடுதுறையில் பஸ் ஏறினோம். திருக்கடையூர் தாண்டியதுமே காற்றில் உப்பு தெரிந்தது.

தாத்தா உபதேசியார். கிராமம் கிராமமாக நடந்தே போய் ஜெபம் நடத்தியவர். அப்பா லுத்தரன் கிறிஸ்தவ சபைகளில் முப்பத்திரண்டு வருடம் குருவானவராக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்து நான். "ஐயர் வீட்டுப் பிள்ளை, வேற என்ன ஆவான்?" என்பார்கள் சபையில். எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் சொல்வது வழக்கம். பாசத்தில் சொல்வதுதான். ஆனாலும் அந்தப் பேச்சு எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. என்னைக் கர்த்தர் கூப்பிட்டாரா, இல்லை வீட்டு வழக்கம் இழுத்துக்கொண்டு போகிறதா? இறையியல் படித்த வருடங்களிலும் அது தீரவில்லை.

புதிய எருசலேம் ஆலயத்துக்குள் போனதும் வெயில் சட்டென்று விலகியது. சிலுவை வடிவில் கட்டிய கோயில். 1718 அக்டோபரில் பிரதிஷ்டை ஆனது. கட்டிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு ஐயர் அதில் நான்கு மாதம்தான் ஊழியம் செய்தார். 1719 பிப்ரவரி 23-ஆம் தேதி, 36 வயதில் கண் மூடினார். பீடத்தின் அருகிலேயே அடக்கம். 1706 ஜூலை 9-ஆம் தேதி உடன் ஊழியரான புளூச்சோவோடு இந்தக் கரையில் இறங்கியபோது அவருக்கு என்னைவிட வயது குறைவு. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தார். ஒன்பதே வருடத்தில், 1715-இல், தமிழ்ப் புதிய ஏற்பாடு இந்த ஊர் அச்சகத்திலேயே அச்சாகி முடிந்தது. அந்தக் கல்லறைப் பக்கம் நின்றபோது அவர் செய்த வேலையைவிட அவருக்குக் கிடைத்த நாள்கள் எவ்வளவு கொஞ்சம் என்பதுதான் மனதை அடைத்தது.

ஆரோன் ஐயரையும் நினைத்துக்கொண்டேன். கடலூரில் ஆறுமுகமாகப் பிறந்து, 1733 டிசம்பர் 28-இல் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்றவர். லுத்தரன் சபையில் நம் நாட்டின் முதல் குருவானவர். தாத்தாவும் அப்பாவும் போட்ட பாதை அவருக்கு இல்லை. அவருடைய அழைப்பில் சந்தேகப்பட இடமே இல்லையே என்று தோன்றியது.

என் அழைப்பைப் பற்றிய அந்தச் சந்தேகத்தை அப்பாவிடம் அன்றைக்குத்தான் வாய் திறந்து கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தார்.

"பைபிள்ல, இளம் ஊழியன் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது பவுல் யார் விசுவாசத்தை ஞாபகப்படுத்துறார்?"

"பாட்டி லோவிசாள், அம்மா ஐனிக்கேயாள்."

"அவங்க ரெண்டு பேரும் குருப்பட்டம் வாங்கினவங்களா? நீ தாத்தாவையும் என்னையும் மட்டுமே கணக்குப் பார்க்கிற. உங்க பாட்டியை விட்டுட்டியே தம்பி."

பாட்டியின் பிடியரிசி டப்பா கண் முன்னால் வந்தது. மூடி நசுங்கிய பழைய தகர டப்பா. உலைக்கு அரிசி அளந்ததும், அளந்ததிலிருந்து ஒரு பிடி அள்ளி அதில் போட்டுவிட்டுத்தான் களைவார். வீட்டில் கஞ்சி மட்டும் காய்ச்சிய நாள்களிலும் அந்தப் பிடி நின்றதில்லை என்றார் அப்பா. எனக்கு நாலைந்து வயதிருக்கும்போது என் கையை அரிசிக்குள் விட்டு, "நிறைய அள்ளுடா, கர்த்தருக்கு" என்பார். விரலிடுக்கில் சிந்தியதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அதையும் டப்பாவில்தான் போடுவார். ஞாயிற்றுக்கிழமை அந்த அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு முன்னால் ஓடுவேன். நான் செய்த முதல் ஊழியம் அதுதான். யாரும் என்னை வற்புறுத்தியதாக ஞாபகமே இல்லை. ஓட ஆசையாக இருந்தது, அவ்வளவுதான்.

பீடத்தின் முன்னால் முழங்கால் போட்டேன். பேச்சு வரவில்லை. அப்பா பக்கத்தில் வந்து, முட்டி வலியோடு, மெதுவாக முழங்காலிட்டார். தலையில் அவர் கை இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது.

கிளம்பும்போது அப்பா ஜிப்பாப் பையிலிருந்து ஒரு காணிக்கைக் கவரை எடுத்து, ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையிடம் கொடுத்தார். "யார் பேர்ல எழுதணும் ஐயா?" என்று அவர் கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார்.

நான் பாட்டியின் பேரைச் சொன்னேன்.