மண்டி கம்ப்யூட்டருக்கு எந்த பூட் மேனேஜர்?

ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸும் உபுண்டு லினக்ஸும் வைத்திருப்பவர்கள், ஆன் செய்ததும் எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குள் (ஓஎஸ்) போவது என்று கேட்கும் பூட் மேனேஜராக எதைப் போடலாம் என்று கேட்டால் நான் ரெஃபைண்ட் என்றுதான் சொல்வேன். உபுண்டுவோடு வரும் கிரப் மோசம் என்பதால் அல்ல, அந்த கம்ப்யூட்டர் முன்னால் உட்காரப்போவது நாம் மட்டும் இல்லை என்பதால்.

செவ்வாய்பேட்டையில் மாமாவின் அரிசி மண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் அவர் டேலியில் பில் போட விண்டோஸ் வேண்டும், சாயங்காலம் காலேஜ் முடிந்து வரும் பையனுக்கு உபுண்டு. கிரப் என்றால் கறுப்புத் திரையில் ஆங்கில வரிகள், முதலில் உபுண்டு, விண்டோஸ் கீழே எங்கேயோ, சில நொடியில் கீயைத் தட்டாவிட்டால் அது பாட்டுக்கு உபுண்டுவுக்குள் போய்விடும். வாசலில் லாரி நிற்கும் நேரத்தில் "மாப்ள, என் டேலி எங்க?" என்று போன் வரும். ரெஃபைண்டில் திரை நடுவே பெரிய படங்கள்: விண்டோஸ் சின்னம் ஒன்று, பக்கத்தில் லினக்ஸ். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொன்று, கிரப் மெனு ஏற்கெனவே எழுதி வைத்த கோப்பிலிருந்து வருவது. 2021-ல் வந்த 2.06 பதிப்பிலிருந்து மற்ற ஓஎஸ்களைத் தேடும் ஓஎஸ்-புரோபரையும் இயல்பாக நிறுத்தி வைத்துவிட்டார்கள், சில லினக்ஸ் வகைகளில் (டிஸ்ட்ரோ) நாமே அதை இயக்கிவிட்டு மெனுவைத் திரும்ப எழுத வேண்டும். ரெஃபைண்டோ ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் டிஸ்க்கைத் துழாவிப் பார்க்கிறது, லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் புதிதாக வந்திருந்தால் தானாகவே காட்டிவிடும்.

இன்னொரு பூட் மேனேஜரான சிஸ்டம்டி-பூட்டும் நல்லதுதான், ஆனால் கர்னலை அது படிக்கக்கூடிய இடத்தில், பெரும்பாலும் பூட் கோப்புகளுக்கென்று டிஸ்க்கில் ஒதுக்கிய இஎஃப்ஐ பார்ட்டிஷனிலேயே வைக்கச் சொல்லும். விண்டோஸ் பல மெஷின்களில் அதற்கு ஒதுக்குவது 100 எம்பி, அதற்குள் எத்தனை கர்னல் வைக்க முடியும்?

நம்பகமான கையெழுத்துள்ள மென்பொருளை மட்டும் ஏறவிடும் செக்யூர் பூட் ஆனில் இருந்தே ஆக வேண்டும் என்றால் மட்டும் உபுண்டுவின் கிரப்போடு இருந்துவிடுங்கள், மைக்ரோசாஃப்ட் கையெழுத்திட்ட ஷிம் என்ற சிறு நிரல் வழியாக அது சிக்கலில்லாமல் ஏறும், ரெஃபைண்டுக்கு நாமே சாவியைப் பதிய வேண்டியிருக்கும். எதைப் போட்டாலும் விண்டோஸை முழுதாக அணைக்காமல் வைத்துச் சீக்கிரம் எழுப்பும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் விண்டோஸ் டிரைவில் உபுண்டுவிலிருந்து எதையும் எழுத முடியாமல் போகலாம்.

அப்புறம், ரெஃபைண்டின் கான்ஃபிக் கோப்பில் டிஃபால்ட்டாக மைக்ரோசாஃப்ட்டைக் கொடுத்துவிடுங்கள். கரண்ட் போய் வந்தாலும் மாமாவுக்கு விண்டோஸ்தான் வரும்.