மூன்று குரலில் ஒரு பழைய ஒப்பாரி: ‘பானி லைட் ஹார்ஸ்மேன்’ பாட்டோடு ஏழு வாரம்

ஏழு வாரமாக ஒரே பாட்டு. நான் கிட்டார், தங்கை முதல் குரல், மாப்பிள்ளை கீழ்க்குரல். நேற்று இரவு கடைசியாக ஒரு பதிவு எடுத்தோம். ஞாபகம் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். இந்தப் பாட்டு வரும் ஆல்பத்தை வாசித்துப் பார்க்க நினைப்பவர்களுக்குக் கொஞ்சம் நேரம் மிச்சமாகும்.

முதலில் ஆல்பம். ‘பானி லைட் ஹார்ஸ்மேன்’ என்பது குழுவின் பெயர். 2020 ஜனவரியில் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்துக்கும், அதில் முதலில் வரும் பாட்டுக்கும் அதே பெயர்தான். குழுவில் மூன்று பேர், மூவருமே ஏற்கெனவே தனித்தனியாகப் பெயர் எடுத்தவர்கள். 2019இல், அமெரிக்க மேடை நாடகத்துக்கான டோனி விருதில் எட்டை வாங்கிய ‘ஹேட்ஸ்டவுன்’ இசை நாடகத்தை எழுதியவர் அனேயிஸ் மிட்செல். எரிக் டி. ஜான்சன் ‘ஃப்ரூட் பேட்ஸ்’ குழுவை நடத்துபவர். ஜாஷ் காஃப்மன் கையில் எந்தக் கருவியைக் கொடுத்தாலும் வாசிப்பார், ஆல்பம் தயாரிப்பிலும் கெட்டிக்காரர். 2018இல் பெர்லினில் பழைய கிழக்கு ஜெர்மனி வானொலியின் ஒலிப்பதிவுக் கட்டடமான ஃபுங்க்ஹவுஸில் பல இசைக்கலைஞர்கள் கூடியபோது இந்த ஆல்பத்தின் வேலை தொடங்கியது. நியூயார்க் மாநிலத்தில், வுட்ஸ்டாக் பக்கத்தில், பழைய தேவாலயம் ஒன்றை ஸ்டுடியோவாக மாற்றிய ‘ட்ரீம்லேண்ட்’டில் முடிந்தது. வெளியிட்ட நிறுவனத்தின் பெயர் 37டி03டி. அதை ஆங்கிலத்தில் எழுதித் தலைகீழாகத் திருப்பினால் ‘பீப்பிள்’ என்று படிக்கலாம்!

பத்துப் பாட்டுக்கும் வேர் பழைய நாட்டுப்பாடல்தான். பிரிட்டன், அயர்லாந்துப் பக்கத்தில் பாடி வந்தவை, அமெரிக்க மலைப்பகுதியில் பாடி வந்தவை என்று இரண்டும் உண்டு. தேவைப்பட்ட இடத்தில் வரியை மாற்றியிருக்கிறார்கள், சில இடத்தில் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். நாங்கள் எடுத்துக்கொண்ட முதல் பாட்டு நெப்போலியன் காலத்துப் போர்களில் இருந்து வருவது. குதிரைப் படையில் இருந்த காதலன் செத்துப்போகிறான். அவனுடைய காதலி நெப்போலியனையே பெயர் சொல்லிக் கூப்பிட்டு, என் துயரத்துக்குக் காரணம் நீதான் என்கிறாள். பழைய வடிவங்களில், கழுகுக்கு இருப்பதுபோலச் சிறகு இருந்தால் அவன் விழுந்த இடத்துக்கே பறந்து போவேன் என்றும் வரும். எங்கள் பாட்டி வழி உறவில் ஒப்பாரி பாடும் பெண்களைச் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். செத்தவனுக்காக அழுகிறவள், சாகக் காரணமானவனைப் பெயர் சொல்லி நிற்க வைக்கிறாள் பாருங்கள், அதனால்தான் ஆல்பத்தில் வேறு எதையும் தொடாமல் இந்தப் பாட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

முதல் இரண்டு வாரம் சாதாரண டியூனிங்கில், அதாவது கம்பிகளுக்கு வழக்கமாகச் சுருதி வைக்கும் முறையில், வாசித்தேன். தப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் ஒட்டவில்லை. மேஜர் கார்டு (சுரக்கூட்டு) போட்டால் பாட்டு சிரிக்கிறது, மைனர் போட்டால் அளவுக்கு மேல் அழுகிறது. அப்புறம் ‘டாட்காட்’ டியூனிங்குக்கு மாறினேன். தடித்த கம்பியில் இருந்து எண்ணினால் டி, ஏ, டி, ஜி, ஏ, டி. ஆறாவது, இரண்டாவது, முதல் கம்பி மூன்றையும் ஒரு முழு சுரம் இறக்கினால் போதும். 1960களில் இங்கிலாந்துக்காரர் டேவி கிரஹாம் பழக்கத்துக்குக் கொண்டுவந்த டியூனிங் இது. (அந்தக் குழு இதையேதான் வாசிக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். இது என் வசதிக்கு நான் எடுத்துக்கொண்டது.) மூன்றாவது கம்பியில் இரண்டாவது ஃப்ரெட்டை (கிட்டார் கழுத்தில் குறுக்கே இருக்கும் உலோகக் கட்டை) மட்டும் அழுத்தி ஆறு கம்பியையும் தடவிப் பாருங்கள். டியும் ஏயும் மட்டும் கேட்கும், அதாவது சட்ஜமமும் பஞ்சமமும். மேஜரா மைனரா என்று காட்டிக்கொடுக்கும் காந்தாரமே கிடையாது. சிரிப்பா அழுகையா என்பதைப் பாடுகிற குரல்தான் முடிவு செய்ய வேண்டும். முதல் தடவை அப்படி வாசித்தபோது தங்கை சமையல்கட்டில் இருந்து எட்டிப் பார்த்து, “அண்ணா, இது தம்புரா மாதிரியே இருக்கே” என்றாள்.

அவள் ஐந்து கட்டைக்கு, அதாவது ஜியில், பாடுகிறவள். எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கும் கிளிப்பான கேப்போவை ஐந்தாவது ஃப்ரெட்டில் போட்டால் டி என்பது ஜி ஆகிவிடும். அவளுக்குச் சரியாக இருந்தது. எனக்குத்தான் ஒரு தொல்லை. கம்பியை இறக்கியதில் ஆறாவது கம்பி தொளதொளவென்று ஆகி, கட்டைவிரல் பட்டாலே ஃப்ரெட்டில் இடித்து ‘ஸ்ர்ர்’ என்றது. 11 செட் கம்பியைக் கழற்றி, அதைவிடத் தடிமனான 12 செட் போட்டதும் நின்றது. புதுக் கம்பி நாலு நாள் சுருதி இறங்கிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் இறக்கிவிட்டு மறுபடி ஏற்றி நிறுத்தினால்தான் நிற்கிறது. மேலே இருந்து கீழே இறக்கி நிறுத்தினால் ரெண்டு நிமிஷத்தில் இன்னும் இறங்கிவிடும்.

வலது கை கணக்கு எளிது. மூன்று எண்ணிக்கை. ஒன்றில் கட்டைவிரல் ஆறாவது கம்பி, இரண்டிலும் மூன்றிலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும். இதை முதலில் அலங்காரமாகத்தான் செய்தேன். வரிக்கு வரி நடுவில் ஓட்டம், முடிவில் ஒரு சின்னத் துணுக்கு. நாலாவது வாரம் மூன்று பேரும் சேர்ந்து பாடியபோது எல்லாம் இடித்தது. தங்கை பாதியில் நிறுத்தினாள். “நீ நிறுத்தினாத்தானே நான் மூச்சு விட முடியும்?”

அன்று ராத்திரி மறுபடி ஹெட்ஃபோனில் ஆல்பத்தைக் கேட்டேன். இருபது தடவையாவது கேட்டிருப்பேன், ஆனால் இந்த முறை வாசிக்காத இடங்களை மட்டும் கவனித்தேன். மூவருமே தனியாக மேடையை நிரப்பக் கூடியவர்கள். இங்கே ஒருவர் பாடும்போது மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுபோல இருக்கிறது. ஒரு வரி முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் கிட்டார் எதையும் நிரப்பப் பார்க்கவில்லை. மறுநாள் என் துணுக்குகளை எல்லாம் எடுத்துவிட்டேன். வரி முடிந்தால் கட்டைவிரல் மட்டும், அதுவும் ஒரே ஒரு தட்டு.

குரல் சேர்ப்பதிலும் அதே பாடம். மாப்பிள்ளை முதலில் தங்கையின் மெட்டுக்கு இணையாகக் கீழே ஏறி இறங்கினார். தேவாலயக் கூட்டுப் பாட்டு மாதிரி அழகாக இருந்தது, ஆனால் அவள் தனியாக அழவில்லை. பிறகு அவரைப் பஞ்சமத்திலேயே நிற்கச் சொன்னேன். முதல் பத்தியில் அவர் வாயே திறக்கவில்லை. இரண்டாவதில் கடைசிச் சொல்லுக்கு மட்டும் வந்து சேர்ந்தார். அந்த ஒரு சொல்லில் அறையே மாறிப்போனது! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, கையில் கணக்கு தவறியது.

பதிவு போனில்தான். போனை கிட்டாரின் பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேராக ஒரு முழம் தள்ளி வைத்தேன். ஓட்டைக்கு நேராக வைத்தால் ‘பம்’ என்று அடிக்கிறது. கிட்டாரை முதலில் எடுத்து, அதைக் கேட்டுக்கொண்டே குரலைச் சேர்ப்பதாக இருந்தால் ப்ளூடூத் ஹெட்ஃபோன் வேண்டவே வேண்டாம். காதுக்கு ஒலி பிந்தி வருவதால் பாடுவதும் பிந்திவிடும். ஒரு சனிக்கிழமை முழுக்க யார் தாளம் தவறுகிறார்கள் என்று தேடிக்கொண்டிருந்தோம். ஒயர் ஹெட்ஃபோன் போட்டதும் சரியாகிவிட்டது. ஆனாலும் கடைசியில் அப்படித் தனித்தனியாக எடுத்ததை வைத்துக்கொள்ளவில்லை. மூன்று பேரும் ஒரே கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒரே தடவையில் பாடியதைத்தான் வைத்துக்கொண்டோம்.

அதில் மூன்றாவது பத்தியில் தங்கைக்கு ஒரு இடத்தில் குரல் லேசாக உடைகிறது. மறுபடி எடுக்கலாமா என்றேன். மாப்பிள்ளை வேண்டாம் என்றார். அவளும் வேண்டாம் என்றாள். நானும் விட்டுவிட்டேன். அடுத்து அதே ஆல்பத்தில் ‘லோலேண்ட்ஸ்’. கேப்போ இன்னும் ஐந்தாவது ஃப்ரெட்டிலேயே இருக்கிறது.