தேயிலைக்கும் கேரட்டுக்கும் நடுவே ஒரு வேலி

கோத்தகிரிப் பக்கம் உள்ள எங்கள் சிறு தேயிலைத் தோட்டத்தின் கீழ் எல்லையை ஒட்டிக் கேரட்டும் முட்டைக்கோசும் பயிரிடுபவருக்கும் எங்களுக்கும் இடையே வேலிச் செலவைப் பற்றி எழுந்த பேச்சு ஒரு பருவம் முழுவதும் நீடித்தது. எல்லை இருவருக்கும் பொது, ஆகவே வேலியும் பொது, செலவில் பாதி உங்களுடையது என்றார் அவர். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும் அந்தக் கணக்கை நான் ஏன் ஏற்கவில்லை என்பதையும், பிறகு எதை இருவரும் ஏற்றுக்கொண்டோம் என்பதையும், இதே சிக்கலில் இருக்கும் மற்ற மலைத் தோட்டக்காரர்களுக்காக எழுதுகிறேன்.

இங்கே மாடு என்றே நாங்கள் சொல்லும் காட்டெருமை தேயிலையைத் தின்பதில்லை. மேலே உள்ள சோலையிலிருந்து இறங்கும் கூட்டம் எங்கள் செடிகளுக்கு இடையே புல்லை மேய்ந்தபடி கடந்து, பள்ளத்தில் இருக்கும் காய்கறித் தோட்டத்துக்குப் போய்விடும். காட்டுப்பன்றியும் அதே வழியில் வந்துதான் அவருடைய பாத்திகளைக் கிளறுகிறது. ஆகவே வேலியால் காப்பாற்றப்படுவது அவருடைய பயிர் மட்டுமே. அதுகூடப் பெரிதல்ல. கீழே வேலி அமைந்துவிட்டால், இதுவரை கடந்து போய்க்கொண்டிருந்த கூட்டம் எங்கள் தோட்டத்திலேயே தேங்கி நிற்கும்; விடியற்காலையில் கொழுந்து பறிக்க வரும் பெண்கள் இடுப்பளவு செடிக்குப் பின்னால் படுத்திருக்கும் மாட்டை எதிர்பாராமல் நெருங்க நேரும். எங்களுக்கு ஆபத்தைக் கூட்டும் ஒன்றுக்கு நாங்களே பாதிப் பணம் தருவது எப்படி என்பதே என் வாதம்.

அவருடைய வாதமும் வலுவானதுதான். “மாடு உங்க தோட்டத்து வழியாத்தானுங்க அண்ணா வருது, அப்ப செலவு மட்டும் எப்படிங்க எனக்கு மட்டும்?” என்று கேட்டார். மாடு எங்கள் வளர்ப்பு அல்ல. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிகக் கடுமையான பாதுகாப்புக்கு உரியவற்றின் பட்டியலில் இருக்கும் விலங்கு அது. ஆனால் களை எடுக்காமல் புல் மண்ட விட்ட பகுதி எங்கள் தோட்டத்தில் இருந்தது உண்மை, அங்கேதான் கூட்டம் அதிக நேரம் நின்றது என்பதும் உண்மை. பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கும் விலையில் களைக்கு ஆள் வைப்பதே பாரமாக இருக்கிறது என்பது விளக்கமாகலாமே தவிர, அவருடைய முட்டைக்கோசுக்குப் பதிலாகாது.

பணத்தைப் பேசுவதற்கு முன் எல்லைக்கோட்டைப் பேச வேண்டியிருந்தது. 1923ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி அளவைக் கற்களைப் பேணும் பொறுப்பு நில உடைமையாளருக்கு உண்டு. எங்கள் எல்லையிலோ ஒரு கல் மண் சரிவில் புதைந்து கிடந்தது. சர்வேயருக்கு மனுப் போட்டு, நிலத்தின் எல்லைகளை அளவோடு காட்டும் அரசு வரைபடமான புலப்படத்தை வைத்து அளந்து, கல்லை மீண்டும் நட்ட பிறகுதான் இருவரும் மனதில் வைத்திருந்த எல்லைகள் வேறு வேறு என்பது தெரிந்தது. இதோடு மலைக்கே உரிய இன்னொரு குழப்பமும் உண்டு. புலப்படத்தில் காட்டப்படுவது கிடைமட்ட நீளம். வேலியோ சரிவின் மேல் ஓடுகிறது. முப்பது பாகைச் சரிவில் படத்தின் 100 மீட்டர், தரையில் ஏறத்தாழ 115 மீட்டராகிறது. வேலி போடுபவர் தரையை அளந்து தொகை சொன்னார், பக்கத்துக்காரர் படத்தைப் பார்த்து அது ஏமாற்று என்றார், இடையில் நான் இருவரையும் சந்தேகித்தேன். வேலி போடுபவரின் அளவே சரி.

சூரிய மின்வேலி மலிவாக முடியும் என்று ஒருவர் யோசனை சொன்னார். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. அதே ஆண்டில் மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழக அரசு கொண்டுவந்தது. கூலிப் பெண்கள் நடமாடும் எல்லையில், அனுமதி பெற்றதாக இருந்தாலும் அது எனக்கு வேண்டாம் என்றேன், அவரும் வற்புறுத்தவில்லை.

திருப்பம் மெல்பர்னில் இருக்கும் என் தங்கை மகனிடமிருந்து வந்தது. விக்டோரியா மாநிலத்தில் 1968ஆம் ஆண்டின் வேலிச் சட்டம், போதுமான அளவிலான எல்லை வேலிக்கு இருவரும் சமமாகக் கொடுக்க வேண்டும், அதற்கு மேல் வேண்டும் என்பவர் கூடுதல் செலவைத் தாமே ஏற்க வேண்டும் என்று சொல்வதாகத் தொலைபேசியில் விளக்கினான். அந்தச் சட்டம் நமக்குப் பொருந்தாது. ஆனால் செலவை இரண்டாக உடைத்துப் பார்க்கும் அந்த முறை பொருந்தியது. எல்லையைக் காட்டும் கல்தூணும் ஐந்து வரிசைக் கம்பியும் இருவருக்கும் பொது. பன்றி நுழையாதபடி அடிப்பகுதியை மண்ணில் புதைத்துக் கட்டும் கம்பி வலை அவருடைய பயிருக்கானது, அவருடைய செலவு.

மாடு தேங்குவதற்கு மட்டும் பணத்தில் தீர்வு இல்லை. ஆகவே ஓடையோரம் அவர் பயிரிடாமல் விட்டிருந்த நிலத்தை மாட்டுத் தடமாகத் திறந்துவிட்டு, வேலியின் முனையை அதை நோக்கி வளைக்கும்படி கேட்டேன். முதலில் மறுத்தார். தூண்களைச் சாலையிலிருந்து ஆள் வைத்துச் சுமக்கும் கூலி தூணின் விலையையே மிஞ்சியபோது, அந்தச் சுமைகூலி முழுவதையும் நான் ஏற்பதாகச் சொன்னேன்; தடத்தை விட்டுக்கொடுத்தார். என் கணக்கில் இது எனக்கு லாபமே, அவரும் தம் வீட்டில் அப்படித்தான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். பொது வேலியின் பழுதுச் செலவு பாதிப் பாதி, வலையின் பழுது அவருக்கு, தடத்தின் ஓரத்தில் களை எடுப்பது எனக்கு என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டோம்.

ஒரு பாக்கி உண்டு. அளந்த கோட்டின் மேலேயே ஒரு பெரிய மரம் நிற்கிறது. மலைப் பகுதிகளில் மரம் வெட்ட 1955ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும் என்பதால் மனுக் கொடுத்திருக்கிறோம். முடிவு வரும்வரை அந்த இடத்தில் கம்பி மரத்தைச் சுற்றி எங்கள் பக்கமாக வளைந்து செல்கிறது. அந்த வளைவு எல்லை ஆகாது என்பதையும் அதே தாளில் தனி வரியாகச் சேர்த்து, அதற்கும் அவருடைய கையெழுத்தை வாங்கி வைத்திருக்கிறேன்.