எலக்ட்ரான் ஏன் அணுக்கருவில் விழுவதில்லை?

"மாமா, கரு பாசிட்டிவ், எலக்ட்ரான் நெகட்டிவ். அப்புறம் ஏன் போய் ஒட்டிக்கல?"

காட்பாடி ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கையில் அக்கா மகள் கேட்டாள். பாடப்புத்தக ஓரத்தில் பென்சிலால் பெரிய கேள்விக்குறி, தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி.

1911-இல் இயற்பியலாளர் ரூதர்போர்டு அணுவுக்குள் கரு இருப்பதைச் சொன்னதிலிருந்தே தொடரும் கேள்வி இது. பழைய இயற்பியல்படி எலக்ட்ரான் இமைப்பொழுதில் உள்ளே விழுந்திருக்க வேண்டும்.

விழுவதில்லை. சின்ன இடத்தில் நெருக்க நெருக்க அதன் இயக்க ஆற்றல் எகிறும். இழுப்பும் திமிறலும் சமன்படும் தூரம், ஹைட்ரஜனில் சுமார் 0.053 நானோமீட்டர்.

எலக்ட்ரானைச் சூரியனைச் சுற்றும் கோள் மாதிரி படம் போடுவதை விட்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

அவளை அசத்தியது வேறு. பொட்டாசியத்தில் ஒரு வகையான பொட்டாசியம்-40-இன் அணுக்கரு சில சமயம் தன் எலக்ட்ரானையே விழுங்கி ஆர்கானாகிவிடும்.

நம் உடம்பிலும் அந்தப் பொட்டாசியம்-40 கொஞ்சம் இருக்கிறது.